55 கிலோக்காரரும் 102 கிலோக்காரரும் ஒரே பட்டியலில்: குத்துச்சண்டையின் தீராத வழக்கு

சிங்கப்பூரில் இருந்துகொண்டு குத்துச்சண்டை பார்ப்பவர்களுக்கு உலகின் பெரிய சண்டைகள் மூன்று வேளைகளில் வந்து சேர்கின்றன. தோக்கியோவில் நவோயா இனோவே இறங்கினால் இங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். ரியாத்திலோ லண்டனிலோ ஒலெக்சாண்டர் உசிக் இறங்கினால் ஞாயிறு விடிகாலை, கோப்பிக்கடையில் அப்போதுதான் நாற்காலிகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பார்கள். லாஸ் வேகஸில் டெரன்ஸ் கிராஃபர்ட் என்றால் ஞாயிறு பகல் பதினொரு மணிவாக்கில், தேக்காவில் கறியும் காய்கறியும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் நேரம். கடந்த சில ஆண்டுகளாக 'இன்றைய தேதியில் உலகின் சிறந்த குத்துச்சண்டை வீரர் யார்' என்ற பேச்சு பெரும்பாலும் இந்த மூன்று பேரைச் சுற்றித்தான் நடந்தது. இனோவேயின் எல்லை 55.3 கிலோ. கிராஃபர்ட் கடைசியாகப் பட்டம் வென்றது 76.2 கிலோவில். உசிக் 102 கிலோவைத் தொடுகிறவர். மூவரும் ஒருவரோடு ஒருவர் மோதவே போவதில்லை. ஆனாலும் யார் முதல், யார் இரண்டு என்று பட்டியல் போடாமல் யாராலும் இருக்க முடிவதில்லை.

இந்தப் பட்டியலைத்தான் 'பவுண்ட் ஃபார் பவுண்ட்' என்கிறார்கள். எடை வேறுபாட்டை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் யார் சிறந்தவர் என்ற கணக்கு. ஹெவிவெயிட் சாம்பியன்தான் உலகின் மிகப் பெரிய குத்துச்சண்டை வீரர் என்று எல்லாரும் நினைத்திருந்த காலத்தில், சுகர் ரே ராபின்சன் போன்ற எடை குறைந்த மேதையைப் புகழ எழுத்தாளர்களுக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. 1940, 50களில் ராபின்சனைச் சொல்லித்தான் இந்தப் பேச்சு பரவியது. பிறகு 'தி ரிங்' இதழ் 1989ல் இதையே ஒரு முறையான பட்டியலாக வெளியிடத் தொடங்கியது. புகழ்ச்சியாக இருந்ததற்கு ஒன்று, இரண்டு என்று எண் போட்டதும் வழக்கு ஆரம்பமானது.

இங்கே நடக்கும் வாக்குவாதங்களைக் கவனித்தால் பெரும்பாலும் இப்படித்தான் போகும். "அண்ணே, இனோவேதான் நம்பர் ஒன்" என்பார் ஒருவர். "அந்தப் பையனை உசிக் ஒரு கையால தள்ளிவிட்டுடுவான் தம்பி, அப்புறம் என்ன நம்பர் ஒன்?" என்பார் மூத்தவர். அந்த மூத்தவரின் தலைமுறைக்குக் குத்துச்சண்டை என்றாலே ஹெவிவெயிட்தான். 1975 ஜூலை 1 அன்று கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் முகம்மது அலி ஜோ பக்னரோடு மோதியது அவர்களுக்குப் பாலம் தாண்டினால் எட்டிவிடும் தூரத்தில் நடந்த சண்டை. அவர் கேட்பது 'யார் ஜெயிப்பார்' என்ற கேள்வி. தம்பி கேட்பது 'யார் திறமைசாலி' என்ற கேள்வி. இரண்டும் ஒன்றில்லை. ஊர்ப் பக்கம் கபடிப் போட்டி அறிவிப்புகளில் '60 கிலோ' என்று தனியாகப் போட்டிருப்பார்கள். அந்த அணியில் பாடிப் போகிற கெட்டிக்காரரை எடைக் கட்டுப்பாடு இல்லாத அணியின் ஆள் ஒருவர் இடுப்போடு தூக்கிவிடலாம். அதனால் முதலாமவர் மட்டமான ஆட்டக்காரர் என்று ஊரில் யாரும் சொல்வதில்லை.

சரி, 'யார் ஜெயிப்பார்' என்பதைத் தள்ளிவைத்துவிடலாம். அடுத்து எல்லாரும் பிடித்துக்கொள்வது, 'இருவரும் ஒரே அளவு உடம்போடு இருந்தால்' என்ற கற்பனை. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் இனோவேயை 102 கிலோவுக்கு ஊதிவிட்டால் அவர் இனோவேயாக இருக்கமாட்டார். உடம்பு பெரிதாகும்போது எடை கன அளவில் கூடுகிறது. தசையின் வலிமையோ அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தே கூடுகிறது. அதனால் பெரிய உடம்பு மொத்தத்தில் பலசாலி, ஆனால் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்குப் பார்த்தால் சிறிய உடம்புதான் எப்போதும் முன்னால் நிற்கும்.

இதற்கு எடைத்தூக்கும் போட்டியைப் பாருங்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 56 கிலோ பிரிவில் சீனாவின் லாங் சிங்சுவான் மொத்தம் 307 கிலோ தூக்கினார். தன் எடையைப்போல் ஐந்தரை மடங்கு. ஜார்ஜியாவின் லாஷா தலகாட்சே 2021ல் 492 கிலோ தூக்கி உலக சாதனை படைத்தார். அவருடைய உடல் எடை 170 கிலோவுக்கும் மேல், ஆக மூன்று மடங்குகூட இல்லை. வெறும் வகுத்தல் கணக்கு போட்டால் தலகாட்சே சுமாரான ஆள் என்று வந்துவிடும். அது அபத்தம் என்பதால் எடைத்தூக்கலில் சின்க்ளேர் என்ற வாய்ப்பாடு இருக்கிறது. ஒவ்வொரு ஒலிம்பிக் காலகட்டத்துக்கும் புதுப்பிக்கப்படும் எண்களை வைத்து வெவ்வேறு எடைக்காரர்களை ஒரே அளவுகோலில் நிறுத்துகிறார்கள். குத்துச்சண்டைக்கு அப்படி ஒன்று வர முடியாது. இரும்புக்கு எங்கே போனாலும் ஒரே எடை. குத்துச்சண்டையிலோ எதிரே நிற்பவரை வைத்துத்தான் ஒருவரை அளக்க முடியும், அந்த எதிராளி பிரிவுக்குப் பிரிவு மாறுகிறார்.

ஆட்டமே பிரிவுக்குப் பிரிவு வேறாக இருக்கிறது. 50 கிலோவில் ஒருவர் மூன்று நிமிடமும் விடாமல் கை ஓட்டலாம், இரண்டு குத்து வாங்கினாலும் நின்றுகொண்டு திருப்பிக் கொடுக்கலாம். 110 கிலோவில் ஒரு தவறுக்கு ஒரு குத்துப் போதும், விளக்கை அணைத்துவிடும். அதனால் ஹெவிவெயிட்காரர் குறைவாகக் குத்துகிறார், அதிகம் காத்திருக்கிறார். அதைச் சோம்பல் என்று எண்ணிக் கீழே இறக்குவதும் தவறு, சின்னவர்களின் வேகத்தைப் பார்த்து மயங்கி மேலே ஏற்றுவதும் தவறு. அந்த எடையில் ஒரு தவறுக்கு என்ன விலை என்று தெரிந்துகொண்டுதான் அங்கே காட்டப்படும் துணிச்சலையும் நிதானத்தையும் மதிப்பிட முடியும்.

பவுண்டுகள் எல்லாம் சம மதிப்புள்ளவையும் அல்ல. ஆண்கள் தொழில்முறைக் குத்துச்சண்டையில் பொதுவாக 17 பிரிவுகள். மிகக் குறைந்தது 105 பவுண்டு, அதாவது 47.6 கிலோ. அடுத்தது 108. இடைவெளி 3 பவுண்டு, மூன்று சதவீதம்கூட இல்லை. 140க்கும் 147க்கும் இடையில் 5 சதவீதம். 175லிருந்து 200க்குத் தாவ 14 சதவீதம். 200க்கு மேலே கூரையே கிடையாது. 'நான்கு பிரிவுகளில் சாம்பியன்' என்று ஒருவரைச் சொல்லும்போது, எந்த நான்கு என்று கேட்காவிட்டால் அந்தத் தகவலுக்குப் பெரிய மதிப்பில்லை.

2024 டிசம்பரில் ரியாத்தில் நடந்த உசிக் – டைசன் ஃபியூரி மறுசண்டையில் ஃபியூரியின் எடை 281 பவுண்டு, உசிக் 226. வித்தியாசம் 55 பவுண்டு. இதே 55 பவுண்டைக் கீழ்ப் பக்கம் வைத்துப் பார்த்தால் 105லிருந்து 160 வரை போகிறது, நடுவில் மட்டும் பதினொரு பிரிவுகள். அப்படி நேராக ஒப்பிடுவது நியாயமில்லை என்றால் சதவீதத்தில் பார்ப்போம். ஃபியூரி உசிக்கைவிட 24 சதவீதம் கனமானவர். 105 பவுண்டு வீரர் ஒருவர் 130 பவுண்டுக்காரரோடு மோதுவதற்குச் சமம் அது. ஏழு படி தாண்டிய சண்டை. கீழே அப்படி ஒரு சண்டைக்கு எந்த ஆணையமும் அனுமதி கொடுக்காது. மேலே அது 'ஹெவிவெயிட் சண்டை' என்ற ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகிறது. ஃபியூரியின் கூடுதல் எடையில் கொழுப்பும் இருந்தது என்பது உண்மைதான். ஆனால் 206 சென்டிமீட்டர் உயரமும் அந்தக் கை நீளமும் கொழுப்பு இல்லை. மூன்று நடுவர்களும் 116–112 என்று உசிக்குக்கே கொடுத்தார்கள்.

எடை எந்திரத்தில் காட்டும் எண்ணும் முழு உண்மை இல்லை. தொழில்முறைச் சண்டைகளில் எடை பார்ப்பது சண்டைக்கு முந்தைய நாள். நீரை வற்றவைத்து எல்லைக்குள் வந்துவிட்டு, ஓர் இரவில் குடித்தும் சாப்பிட்டும் பல கிலோ ஏற்றிக்கொண்டு ரிங்கில் ஏறுவார்கள். 2000 பிப்ரவரியில் ஆர்டுரோ காட்டி – ஜோயி கமாஷ் சண்டை 141 பவுண்டு எல்லையில் நடந்தது. சண்டை இரவன்று தொலைக்காட்சிக்காரர்கள் அதிகாரப்பூர்வமற்ற முறையில் எடுத்த எடையில் ஆர்டுரோ காட்டி ஏறத்தாழ 160 பவுண்டு இருந்தார், கமாஷ் 145. இரண்டாம் சுற்றிலேயே கமாஷ் வீழ்ந்தார். மூளையில் பட்ட காயத்தோடு அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்துபோனது. 'இன்னார் இந்த எடைக்காரரை வென்றார்' என்று எழுதுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது என்று நான் நினைக்கிறேன். பெரிய உடம்பைச் சின்னப் பிரிவுக்குள் அடைத்துக்கொண்டு வெல்பவர், பட்டியல் கேட்கும் திறமைக்கு நேரெதிரான ஒன்றைத்தான் காட்டுகிறார்.

அப்புறம் பட்டியலில் இடம் வாங்கித் தருவதில் மிகவும் செல்வாக்கான விஷயம், பிரிவு ஏறுவது. எத்தனை பிரிவுகளில் பட்டம் என்று எண்ணிவிட்டால் வேலை சுலபம். இந்த எண்ணிக்கை எவ்வளவு மாறிவிட்டது என்பதை ஹென்றி ஆம்ஸ்ட்ராங்கை வைத்துப் பார்க்கலாம். அவர் காலத்தில் பிரிவுகள் எட்டு, பெரும்பாலும் பிரிவுக்கு ஒரு சாம்பியன். 1937 அக்டோபரில் ஃபெதர்வெயிட் பட்டம், 1938 மே மாதம் பார்னி ராஸை வென்று வெல்டர்வெயிட், அதே ஆகஸ்டில் லூ ஆம்பர்ஸை வென்று லைட்வெயிட். உலகில் இருந்த எட்டுப் பட்டங்களில் மூன்று ஒரே நேரத்தில் ஓர் ஆளிடம் இருந்தன. இன்று 17 பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என்ற நான்கு அமைப்புகள் தரும் நான்கு பட்ட பெல்ட். மொத்தம் 68. இன்றைக்கு மூன்று பிரிவுகளில் மூன்று பெல்ட் வாங்குவதையும் அதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

இந்த நான்குக்கு வெளியேயும் அமைப்புகள் உண்டு. 2018ல் நம் முகமது ரித்வான் நமீபியாவின் பவுலஸ் அம்புண்டாவோடு சிங்கப்பூரிலேயே மோதியது ஐபிஓ சூப்பர் பாண்டம்வெயிட் பட்டத்துக்காக. நடுவர்கள் பிரிந்து தீர்ப்புச் சொல்ல, ரித்வான் தோற்றார். அந்த பெல்ட் பெரிய நான்கில் ஒன்றில்லை என்பதால் அந்தச் சண்டையின் தரம் குறைந்துவிடாது. அம்புண்டா முன்பு டபிள்யூபிஓ பட்டம் வைத்திருந்தவர். எதிரே நின்றவர் யார் என்பது பெல்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட முக்கியம்.

பிரிவு ஏறியவர்களில் மானி பாக்கியாவுக்கு இணை யாருமில்லை. எட்டுப் பிரிவுகளில் பட்டம். இங்கே வேலை செய்யும் ஃபிலிப்பினோக்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் வேறு பெயரே வராது, வரவேண்டிய அவசியமும் இல்லை. 1998 டிசம்பரில் தாய்லாந்தில் 112 பவுண்டு பட்டம் வென்றவர், பத்தே ஆண்டில் 147 பவுண்டில் ஆஸ்கர் டி லா ஹோயாவை நாற்காலியிலிருந்து எழ முடியாமல் செய்தார். 31 சதவீத ஏற்றம். அவருக்கு எதிராகச் சொல்லப்படுவது, இடையில் பேசி முடித்த எடைகளில் சண்டை போட்டார் என்பது. 2009ல் மிகேல் கோட்டோவோடு மோதியது 147ல் இல்லை, 145ல். 2010ல் அந்தோனியோ மார்கரிட்டோவை வென்று 154 பவுண்டு பட்டம் வாங்கியபோது சண்டையின் எல்லை 150. குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது, எதிராளியை இரண்டு மூன்று பவுண்டு கூடுதலாக வற்றவைப்பது அவரைப் பலவீனப்படுத்தும். ஆனால் அதே மார்கரிட்டோ சண்டைக்கு பாக்கியா எடை காட்டியது 144.6 பவுண்டு. 150ஐக்கூட அவரால் நிரப்ப முடியவில்லை. மார்கரிட்டோ சரியாக 150ல் வந்து, மறுநாள் அதைவிடப் பெரிதாக ரிங்கில் நின்றார். கடைசியில் கண்குழி எலும்பு முறிந்து மருத்துவமனைக்குப் போனவர் மார்கரிட்டோதான். இப்படி ஒவ்வொரு சண்டையாகப் பிரித்துப் பார்த்தால்தான் ஏற்றத்தின் மதிப்பு தெரியும். 'எட்டு' என்ற எண்ணை மட்டும் சொன்னால் பாக்கியாவுக்கே அது குறைவு.

ஏறாதவர்களை என்ன செய்வது? இதில்தான் எனக்குப் பட்டியல் போடுகிறவர்களோடு பெரிய மனத்தாங்கல், ஏனென்றால் இது நம் வட்டாரத்து வீரர்களைத் தொடும் விஷயம்.

தாய்லாந்தின் காவ்சாய் கேலக்சி 1984ல் 115 பவுண்டு டபிள்யூபிஏ பட்டம் வென்றார். 1991 வரை 19 முறை அதைக் காத்தார். 47 வெற்றி, அதில் 41 நாக்-அவுட், ஒரே ஒரு தோல்வி. அவருடைய இடது கை வயிற்றில் இறங்கினால் எழுந்தவர்கள் குறைவு. அந்தப் பிரிவிலேயே இருந்தார், அதிலேயே ஓய்வு பெற்றார். மெக்சிகோவின் ரிக்கார்டோ லோபெஸ் 105லும் 108லும் 51 வெற்றி, ஒரு சமன், தோல்வியே இல்லை என்று முடித்தார். பல ரசிகர்கள் மனப்பாடமாக ஒப்பிக்கும் முதல் இருபது பேரில் இந்த இருவரும் வருவதில்லை. சின்ன எடை, அமெரிக்கத் தொலைக்காட்சி கவனிக்கவில்லை, மேலே ஏறவில்லை என்று காரணங்கள் சொல்வார்கள். ஆனால் 1980 வரை 115 என்ற பிரிவே கிடையாது. 108 வந்தது 1975ல், 105 வந்தது 1987ல். அதற்கு முன்னால் 48 கிலோ உடம்போடு பிறந்த ஒருவர் 50.8 கிலோக்காரரோடு மோதியாக வேண்டும், இல்லையென்றால் கையுறையைக் கழற்றி வைக்க வேண்டும்.

சிங்கப்பூருக்கு இது வெறும் வெளியூர் வரலாறு அல்ல. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சிங்கப்பூருக்காக ரிங்கில் ஏறிய சையது அப்துல் காதிர் லைட் ஃப்ளைவெயிட், 48 கிலோ. 1974ல் கிறைஸ்ட்சர்ச் காமன்வெல்த் விளையாட்டுகளில் வெண்கலம் வென்றார். அந்தப் பிரிவு ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டதே 1968ல்தான். ஜாலான் புசார் பக்கம் இன்று சிட்டி ஸ்குவேர் மால் நிற்கும் இடத்தில் நியூ வோர்ல்ட் பூங்கா இருந்தது. அங்கும் ஹேப்பி வோர்ல்டிலும் மக்கள் கூட்டம் கூட்டமாகக் குத்துச்சண்டை பார்த்த அந்தக் காலத்தில் இந்தப் பிரிவு எங்கேயும் இல்லை. காதிரைப்போல் ஒரு பிள்ளை இருபது ஆண்டு முன்னால் பிறந்திருந்தால் ஒவ்வொரு சண்டையிலும் தன்னைவிட மூன்று கிலோ கூடியவரோடு நிற்க வேண்டியிருந்திருக்கும். சிறிய பிரிவுகள் வந்த பிறகுதான் தாய்லாந்து, ஜப்பான், கொரியா, ஃபிலிப்பீன்ஸ், இந்தோனீசியா எல்லாம் தங்கள் முழுத் திறமையைக் காட்ட இடம் கிடைத்தது. பிரிவுகள் பெருகிவிட்டதால் பட்டம் மலிவாகிவிட்டது என்று புலம்புகிறவர்களோடு நான் பாதி தூரம்தான் போவேன். பெல்ட்டுகள் பெருகியதால் பட்டம் மலிந்தது. பிரிவுகள் பெருகியதால் பலருக்குக் கதவு திறந்தது.

ஏறுவதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை நிகராகுவாவின் ரோமான் கொன்சாலெஸ் போல் யாரும் காட்டியதில்லை. 'சாக்கலேட்டிடோ' என்று செல்லமாக அழைக்கப்பட்டவர். 105, 108, 112 மூன்றிலும் பட்டம் வென்று, 2015ல் முதலிடத்திலிருந்த ஃபிளாய்ட் மேவெதர் ஓய்வு பெற்று விலகியதும் 'தி ரிங்' பட்டியலில் முதலிடத்துக்கு வந்தார். அவ்வளவு சின்ன உடம்புக்காரர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது பெரிய விஷயம். அடுத்த ஆண்டு 115க்கு ஏறி அங்கும் பட்டம். அப்போதே அவர் முகம் வழக்கத்தைவிட அதிகம் வீங்கியிருந்தது.

2017 மார்ச்சில் நியூயார்க் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் தாய்லாந்தின் ஸ்ரீசாகெட் சோர் ருங்விசாய் எதிரே வந்தார். பாங்காக்கில் குப்பை அள்ளியும் காவல் வேலை பார்த்தும் பிழைத்தவர். கொன்சாலெஸுக்கு அதுவரை 46 சண்டை, 46 வெற்றி. முதல் சுற்றிலேயே ஸ்ரீசாகெட் விலாவில் ஒன்று கொடுத்துக் கீழே இறக்கினார். தலைகள் மோதி கொன்சாலெஸின் முகம் கிழிந்து ரத்தம் வழிந்தபடியே இருந்தது. சண்டை முழுக்க கொன்சாலெஸ்தான் அதிகம் குத்தினார், கோணங்களும் அவருடையவைதான், கூட்டுக் குத்துகளின் அழகும் குறையவில்லை. ஆனால் 108ல் எதிராளியைப் பின்னால் தள்ளிய குத்துகள் இங்கே எதிராளியை நிறுத்தக்கூட இல்லை. ஸ்ரீசாகெட் அவற்றை வாங்கிக்கொண்டே முன்னால் நடந்தார். இரு நடுவர்கள் 114–112 என்று ஸ்ரீசாகெட்டுக்குக் கொடுத்தார்கள், மூன்றாமவர் சமன் என்றார். கொன்சாலெஸ் வென்றதாகவே பலர் நினைத்தார்கள், நானும்தான். செப்டம்பரில் மறுசண்டை வந்தது. நான்காம் சுற்றில் கொன்சாலெஸ் மல்லாந்து கிடந்தார். முதலிடத்திலிருந்தவர் பட்டியலிலிருந்தே கீழே போய்விட்டார்.

கொன்சாலெஸ் மறந்துபோன திறமை ஒன்றுமில்லை. 105லிருந்து 115க்கு வந்தது மொத்தம் பத்து பவுண்டு, கிலோவில் நாலரை. அந்த நாலரை கிலோ அவருடைய குத்தின் மதிப்பை மாற்றிவிட்டது. 112லேயே இருந்து இன்னும் பத்துப் பேரை வென்றிருந்தால் முதலிடத்திலேயே நீடித்திருப்பார். துணிந்து ஏறியதற்கு பட்டியல் அவருக்குத் தண்டனை கொடுத்தது. நான் பட்டியல் போட்டால் தன் உடம்பின் எல்லை தாண்டிப்போய்த் தோற்றதற்குக் குறைவாகவே மதிப்பெண் கழிப்பேன், தன் சொந்த எடையில் தோற்றதற்குத்தான் முழுமையாகக் கழிப்பேன். 1952ல் ராபின்சன் லைட் ஹெவிவெயிட் சாம்பியன் ஜோயி மாக்சிமோடு யாங்கி அரங்கின் கொடும் வெயில்காலத்தில் மோதி, புள்ளிகளில் முன்னால் இருந்தபோதே வெப்பம் தாங்காமல் 14ஆம் சுற்றுக்கு எழ முடியாமல் போனார். நடுவரையே வெப்பம் சாய்த்து ஆளை மாற்றிய இரவு அது. அந்தத் தோல்வியை வைத்து ராபின்சனை யாரும் கீழே இறக்குவதில்லை. கொன்சாலெஸுக்கு மட்டும் ஏன் அந்தச் சலுகை கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறாத கோபம்.

தொடக்கத்தில் சொன்ன மூன்று பேருக்கு வருவோம். என் கணக்கில் கேட்க வேண்டியவை: எதிரே நின்றவர் அந்தப் பிரிவின் உண்மையான முதல் ஆளா, அப்போது நல்ல நிலையில் இருந்தாரா, அவரோடு மோத எவ்வளவு உடம்பை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. பெல்ட் எண்ணிக்கை இவற்றுக்கெல்லாம் பிறகுதான்.

கிராஃபர்ட் 140, 147, 168 மூன்றிலும் நான்கு பெல்ட்டையும் ஒன்றாகச் சேர்த்தவர். நான்கு பெல்ட் காலத்தில் ஆண்களில் மூன்று பிரிவுகளில் அதைச் செய்த முதல் ஆள். 2023 ஜூலையில் எரோல் ஸ்பென்ஸை மூன்று முறை வீழ்த்தி ஒன்பதாம் சுற்றில் நிறுத்தியது, இந்தப் பத்தாண்டில் நான் பார்த்த மிக முழுமையான ஆட்டம். 2025 செப்டம்பரில் 154லிருந்து நேராக 168க்குத் தாவி கனேலோ அல்வாரெஸை 116–112, 115–113, 115–113 என்று வென்றார். கனேலோவுக்கு வயது 35, உச்சத்தைத் தாண்டியவர் என்பார்கள். கிராஃபர்டுக்கு அப்போது 37. அந்த வாதம் அதோடு நின்றுவிடுகிறது. ஸ்பென்ஸுக்கு முன்னால் 147ல் அவர் வென்றவர்களில் பெரிய பெயர்கள் குறைவு என்பதை மட்டும் மறுக்க முடியாது. 2025 டிசம்பரில் ஓய்வு அறிவித்துவிட்டதால் நடப்புப் பட்டியலில் இனி அவருக்கு இடமில்லை.

இனோவேயின் வலிமை, குத்தின் கனத்தை 108லிருந்து மேலே கொண்டுவந்தது. 118ல் ஹுவான் கார்லோஸ் பயானோவை 70 நொடியில் முடித்தார், எம்மானுவேல் ரோட்ரிகஸையும் மறுசண்டையில் நோனிட்டோ டொனேரையும் இரண்டாம் சுற்றில். 122ல் ஸ்டீஃபன் ஃபுல்டனுக்கு எட்டுச் சுற்று, மார்லன் தபாலெஸுக்குப் பத்து, முரோட்ஜான் அக்மதாலியெவுக்குப் பன்னிரண்டும். 118லேயே பால் பட்லர் ஒளிந்து ஒளிந்து பதினொன்றாம் சுற்றுவரை தாக்குப்பிடித்தார், ஆகவே சுற்று எண்ணிக்கை மட்டும் சாட்சியில்லை. ஆனால் 122ல் லூயிஸ் நேரியிடமும் ராமோன் கார்டெனாஸிடமும் இடது ஹுக் வாங்கித் தரையைத் தொட்டார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அவர் தன் உடம்பின் எல்லைக்கு வந்துகொண்டிருக்கிறார் என்று தெரிகிறது. இரண்டு முறையும் எழுந்து நாக்-அவுட்டில் வென்றதை நான் குறையாகப் பார்க்கவில்லை. சின்னவர்கள் விளிம்பில் நின்று போராடும்போதுதான் அவர்களின் மன உறுதி வெளியே தெரிகிறது.

அப்படியிருந்தும் நான் உசிக்கைத்தான் முதலில் வைப்பேன். 200 பவுண்டில் எல்லா பெல்ட்டையும் வென்றுவிட்டு, எல்லையே இல்லாத பிரிவுக்குப் போனார். அந்தோனி ஜோஷுவா இரண்டு முறை, ஃபியூரி இரண்டு முறை, டானியல் டுபுவா இரண்டு முறை. எல்லாரும் அவரைவிடப் பெரியவர்கள், யாரோடும் அவர் எடை பேரம் பேச வழியில்லை. 2024 மே மாதம் ஃபியூரியோடு நடந்த முதல் சண்டையின் ஒன்பதாம் சுற்றை மறுபடி போட்டுப் பாருங்கள். தன்னைவிடப் பதினேழு பதினெட்டு கிலோ கூடிய ஒருவரை இடது கையால் திரும்பத் திரும்ப அடித்து, மூலைக்கு மூலை தள்ளாட வைத்து, கயிறுதான் ஃபியூரியைத் தாங்கியது என்று நடுவர் எண்ணத் தொடங்கும்வரை விடவில்லை. அந்தக் கால் நகர்வும் கோண மாற்றமும் இனோவேயிடம் இருப்பவைதான், ஒரு தவறுக்கு ஆளையே சாய்த்துவிடும் எடையில் செய்துகாட்டப்பட்டவை.

இந்த வரிசையை மாற்ற இனோவேயிடம் இன்னும் ஒரு வழி இருக்கிறது, அது 126 பவுண்டு. 2023 டிசம்பரில் அங்கே டபிள்யூபிஓ பட்டம் வென்ற மெக்சிகோவின் ரஃபேல் எஸ்பினோசாவின் உயரம் 185 சென்டிமீட்டர். இனோவே 165. அப்படி ஒருவரை அவருடைய எடையிலேயே, எந்தச் சலுகையும் கேட்காமல் இனோவே வென்றால், மறுநாளே அவரை உசிக்குக்கு மேலே எழுதிவிடுவேன்.